தூதுவன் வந்த வீடு

உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள் நான். துன்பியல் நாடகம் என்றால் என்ன என்று கேட்டால் என் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். உயர்ந்த இடத்தில் இருக்கிறவன் தன் பிழையால் விழுகிறான், பார்க்கிறவர்களுக்கு இரக்கமும் அச்சமும் வருகின்றன, மனம் தூய்மையாகிறது. பரீட்சைக்கு இவ்வளவு போதும். எனக்கும் கொஞ்சக் காலம் போதுமாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பாடம் வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ‘மனம் தூய்மையாகிறது’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்கு இன்னொரு வேலை இருந்தது. மட்டக்களப்பு நகரத்தில், புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்ன வானொலி நிலையம். அதற்கு நாடகம் எழுதிக் கொடுப்பேன். சொந்தக் கதை இல்லை. பழைய மேடைத் துன்பியல் நாடகங்களை எடுத்து, வெட்டி ஒட்டி, காதால் மட்டும் கேட்கிற சனத்துக்கு ஏற்றமாதிரி மாற்றுவேன். கேட்க லேசாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். மேடையில் பிணம் கிடந்தால் போதும், பார்க்கிறவர் அழுவார். வானொலியில் பிணத்துக்குச் சத்தம் இல்லை. யாராவது ஒருவர் வாய் திறந்து ‘செத்துப்போனான்’ என்று சொல்லியே ஆக வேண்டும்.

அதனால்தான் பழைய கிரேக்க நாடகங்கள் எனக்குப் பிடித்துப்போயின. அவர்கள் மேடையில் யாரையும் கொல்ல மாட்டார்கள். சாவு எங்கேயோ தூரத்தில் நடக்கும். தூதுவன் ஒருவன் ஓடி வந்து வாசலில் நின்று சொல்லுவான். வானொலிக்கென்றே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எங்கள் ஒலிப்பதிவாளர் காத்தான்குடி நானாவிடம் பெருமையடித்துக்கொள்வேன். அவர், “அப்ப அவங்களுக்குச் சம்பளமும் குடுக்கத் தேவையில்ல டீச்சர்” என்று சிரிப்பார்.

முதல் நாடகத்தை அதன் கிரேக்கப் பெயர்களோடேயே போட்டோம். பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஆரையம்பதியிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, “இது என்ன மருந்துட விளம்பரம், இவ்வளவு நேரம் போகுது?” என்று கேட்டார். அன்றோடு பெயர்களைக் கைவிட்டேன். அடுத்த நாடகத்தில் யாருக்குமே பெயர் இல்லை. அரசி வெறும் அம்மா ஆனாள். அரண்மனை வாவிக்கரை வீடாயிற்று. கடல் கடந்து போருக்குப் போன இளவரசன், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லி வட்டைக்கு, வயல்வெளிப் பக்கம் போன மூத்த மகன் ஆனான். இந்த விவரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போகாத மகன் எந்த வீட்டில் இருந்தான் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

தூதுவனுக்குத்தான் குரல் அகப்படவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நடித்தார்கள். மூச்சிரைத்தார்கள், விம்மினார்கள், ‘ஐயகோ’ என்று கத்தினார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் ஒருநாள் நிலையத்துக் கதிரையில் சோர்ந்துபோய் இருக்கும்போது, பக்கத்து அறையில் மரண அறிவித்தல் வாசிக்கிற சத்தம் கேட்டது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். நடிப்பு இல்லை, அழுகை இல்லை. ‘காலமானார்’ என்ற சொல்லில் குரல் ஒரு படி இறங்கி நிற்கும். அவ்வளவுதான். நான் தேடிய ஆள் அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறார்.

மண்டூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும், வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்தக் குரலைத் தெரியாத வீடு இல்லை. பாவம், மனிதர் அதனால் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சந்தையில் நின்று மீன் விலை கேட்டால் விற்கிற பெண் நெஞ்சில் கை வைப்பாள். சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்து வணக்கம் சொன்னால், “ஆரு? ஆரு செத்த?” என்று பதறுவார்கள். தங்கையின் கலியாணத்தில் வரவேற்புரை சொல்ல விடவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே முகம் மாறிவிட்டது. நாடகத்துக்குக் கேட்டபோது சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார்.

“ஒருக்காவாவது உண்மையா சாகாத ஒரு ஆளுட சாவ வாசிக்கோணும் டீச்சர்” என்றார்.

அந்தக் குரலை எல்லாரையும்விடக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என் பெரியம்மா. அம்மாவின் அக்கா. வவுணதீவுப் பக்கத்தில், வட்டையை ஒட்டின வீட்டில், இளைய மகளோடு இருக்கிறார். அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, சண்டைக் காலத்தில் ஒரு நாள் சைக்கிளில் வயலுக்குப் போனார். சைக்கிளை யாரோ கொண்டுவந்து வேலியோரம் சாத்திவிட்டுப் போனார்கள். அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா ஏறாத படி இல்லை. பிள்ளை இறந்ததாக எழுதித் தருகிறோம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னபோது, “நீங்க கண்டீங்களா?” என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டார். படத்துக்கு மாலை போடவில்லை. ஒரு வரி ஒப்பாரி வைக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தால் அது பிள்ளையைப் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அண்ணனின் உடுப்புகளைத் தோய்த்து வெயிலில் காயப்போட்டு மடித்து வைப்பார். அடுத்த மாதம் திரும்பவும் எடுத்துத் தோய்ப்பார்.

ஒவ்வொரு பின்னேரமும் மரண அறிவித்தல் நேரத்துக்கு வானொலியைப் போடுவார். முற்றத்தில் நிற்கிற மாட்டைக்கூட அந்த நேரம் யாரும் அதட்டக் கூடாது. எல்லாப் பெயர்களும் முடிந்து, பின்னால் வழக்கமாகப் போகும் வீணை இசை தொடங்கியதும் டப்பென்று நிற்பாட்டிவிடுவார். “பேர் வரல்ல. நல்லம்” என்பார். பிறகுதான் அடுப்பு மூட்டுவார். ஊர் முழுக்கச் செத்தவர்களை அறிவதற்காகக் கேட்கிற நிகழ்ச்சியை, தன் மகன் இன்றைக்கும் சாகவில்லை என்று அறிவதற்காக அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மரண அறிவித்தலுக்கு அடுத்ததாகப் போவதென்று முடிவாயிற்று. அந்த நேரம்தான் எல்லா வீட்டிலும் வானொலி பாடும். தொடக்கத்தில் நடிகர் பெயர்களை வாசித்தால் சனம் வேறு அலைவரிசைக்குப் போய்விடும் என்று அவற்றைக் கடைசிக்குத் தள்ளினோம். மேடையில் கடைசிக்குக் கிட்ட வரும் தூதுவனை நான் முதலாவது காட்சிக்கே கொண்டுவந்திருந்தேன். காதைப் பிடிக்கிற காட்சி முதலில் வர வேண்டும் என்பது வானொலியில் சாதாரண விதி. இவ்வளவு செய்தும் நாடகம் நேரத்துக்குள் அடங்கவில்லை. வசனத்தில் கை வைக்க மனமில்லாமல், நானா இடையில் போகிற வீணை இசையை எடுத்துவிட்டார். நிலையத்தில் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருடைய பிழை என்று இப்போது கேட்கிறார்கள். எல்லாரும் அவரவர் வேலையைத் திறமாகச் செய்தோம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த ஞாயிறு நான் என் வீட்டில் இருந்து கேட்டேன். கடைசி ஆளின் கிரியைகள் எந்த மயானத்தில் என்று சொல்லி முடித்தார். மூச்சு விடும் நேரம் ஒரு மௌனம். அதே குரல் திரும்பவும் தொடங்கியது.

“அம்மா, உங்கட மூத்த மகன்ட செய்தியோட வந்திருக்கன். இருந்து கேளுங்க. வெட்டுக் காலத்தில ‘போயிட்டு வாறன்’ எண்டு சொல்லிப் போனவர் இனி வரமாட்டார். தண்ணிக்கரையில, மருத மரத்தடியில, என்ட கையால மண் போட்டன். தனியாக் கிடக்கல்ல அம்மா. நான் பக்கத்தில நிண்டன்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு வாவித் தண்ணீரில் கோல் ஊன்றித் தோணி போகிற சத்தம். நானா அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் செய்திருந்தார். நாடகம் முடிந்ததும் நாலைந்து பேர் தொலைபேசியில் பாராட்டினார்கள். நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, ஆசிரியர் அறையில் இருக்கும்போது பெரியம்மாவின் அயல் வீட்டுப் பெண் தொலைபேசி எடுத்தாள். “அக்கா, பெரியம்மா வீட்ட செத்தவீடு. அண்ணன்ட செய்தி வந்திட்டாம். வானொலியில அறிவிச்சிட்டாங்களாம். தண்ணிக்கரையில மண் போட்டதாம்” என்றாள். எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேனா, யாரிடமாவது கொடுத்தேனா என்பது ஞாபகமில்லை.

வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது நான் என்னைத் திட்டவில்லை. அந்தப் பழைய நாடகக்காரர்களைத்தான் திட்டினேன். இவ்வளவு துன்பத்தை எழுதியவர்களுக்கு எங்கள் துன்பம் தெரியாது. அவர்களின் அம்மாவுக்கு ஒரு தூதுவன் வந்தான். வந்து, எங்கே, எப்படி, கடைசியில் யார் பக்கத்தில் நின்றார் என்று சொன்னான். அவள் தலையிலடித்து அழுதாள், நாடகம் முடிந்தது. தூதுவனே வராத வீட்டுக்கு நாடகம் எப்படி முடியும்? அதை எழுத அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பெரியம்மா வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஒப்பாரி எழும்பின வீட்டில் எங்கள் ஊரில் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆம்பிளைகள் கொடி கட்டப் போய்விடுவார்கள். முற்றம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். நடுவில் தலைவிரி கோலமாகப் பெரியம்மா. தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் பாடிக்கொண்டிருந்தார்.

“சைக்கிள் வந்திற்றே மகனே, நீ வரல்லியே. கொண்டு வந்தவனும் ஒரு சொல்லுச் சொல்லல்லியே…”

இத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்த அவ்வளவும் அடுக்கடுக்காக வந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

“என்ட பிள்ள, நீயும் கேட்டயா மனே?”

“ஓம் பெரியம்மா, கேட்டன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“பேர் சொல்லல்லயே பெரியம்மா” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“தாய்க்கு என்னத்துக்கு மனே பேர்? ‘அம்மா, உங்கட மூத்த மகன்’ எண்டு சொன்னார். எனக்குத்தானே சொன்னார். தனியாக் கிடக்கல்லயாம். அது போதும் எனக்கு.”

அவருடைய முகத்தில் நான் ஒருநாளும் காணாத ஒரு தெளிவு இருந்தது. அழுது வீங்கின முகம்தான், ஆனாலும் எதையோ இறக்கி வைத்த முகம். அண்ணனின் உடுப்புகளை எல்லாம் அன்று விடியவே எடுத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று தங்கச்சி சொன்னாள். அவள்தான் பெரியம்மாவோடு இருக்கிற இளைய மகள். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. நாடகத்தின் முடிவில் போன பெயர்களை அவள் சந்திக் கடையில் நின்று கேட்டிருக்கிறாள்.

“சொல்லிராத அக்கா” என்றாள். “இத்தனை வருசத்தில நேத்து ராவுதான் அம்மா கொஞ்சம் நித்திரை கொண்டவ. நீ சொன்னா அண்ணன் திரும்பவும் உயிரோட வந்திருவார். அம்மாவால இனி அதத் தாங்க ஏலாது.”

மகன் செத்திருக்கட்டும் என்று ஒரு வீடே வேண்டிக்கொள்கிற அளவுக்கு எங்கள் காலம் வந்துவிட்டது. நான் அவளுக்குச் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் பெரியம்மா விடவில்லை. எட்டாம் நாள் காரியத்தை அந்த மருத மரத்தடியில் செய்ய வேண்டும் என்றார். எந்த மருத மரம், எந்தத் தண்ணிக்கரை என்று கேட்டார். மண் போட்ட அந்தத் தம்பியைக் கூட்டி வா, அவர் கையை நான் ஒருக்கால் தொட வேண்டும் என்றார். அந்த நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதையும் கேட்கவில்லை.

ஏதாவது ஒரு மரத்தைக் காட்டிவிடுவோம் என்றாள் தங்கச்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. கிரேக்கக் கடலையே மட்டக்களப்பு வாவியாக்கியவளுக்கு ஒரு மருத மரம் பெரிய காரியமா? அடுத்த நாள் மத்தியானம் நிலையத்துக்குப் போய் அறிவித்தல் வாசிப்பவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் இண்டைக்கு வரைக்கும் பொய்யா ஒராளயும் சாகச் சொல்லல்ல டீச்சர்” என்றார்.

“அவர் உயிரோட இரிக்கார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று சீறினேன். அவர் சேட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியில் எந்தக் கரை, எந்த மரம், என்ன சொல்ல வேண்டும் என்று பின்னால் இருந்தபடியே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

என்னோடு வந்தவர் யாரென்று பெரியம்மா வாசலிலேயே ஊகித்துக்கொண்டார். “இருங்க தம்பி” என்று அவர் சொன்னதற்கு, “பரவாயில்ல அம்மா” என்று இவர் சொன்னார். அந்த இரண்டு சொல்லிலேயே முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அழத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மா அவருடைய வலது கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தக் கையை விடாமல், அடங்கின குரலில் கேட்டார்.

“தம்பி, அவன் தண்ணி கேட்டானா?”

கரையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு நான் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

“கேட்டா ஒரு வாய் குடுத்தீங்களா தம்பி? கண்ண ஆரு மூடின?”

மனிதர் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். “அம்மா, என்ன மன்னிச்சிருங்க. நான் அவரக் காணல்ல. அது நாடகம் அம்மா. நாடகத்துக்கு வாசிச்சது” என்றார். அந்தக் குரல் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. முற்றத்தின் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அழுகை நின்றது. பெரியம்மா சத்தம் போடுவார், என்னைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தக் கையை மெல்ல விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். யோசித்து யோசித்து ஒன்று கேட்டார்.

“அப்ப அவன் வந்தா என்னத்த மனே உடுப்பான்?”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி, சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. இது செத்தவீடு இல்லை என்று ஆன பிறகும் யாருக்கும் அதைச் சொல்ல நா எழவில்லை. பெரியம்மா விரித்திருந்த தலைமயிரை இரண்டு கையாலும் கூட்டி முடிந்தார்.

“தம்பி, இண்டைக்கும் நீங்கதானே வாசிக்கிற?”

“ஓம் அம்மா.”

“அப்ப பிந்தாமப் போங்க. நான் கேக்கோணும்.”

அவர் போன பிறகு நான் ஒழுங்கையில் இறங்கி, வெள்ளைக் கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. பொழுது சாயத் தொடங்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அதே குரல் வந்தது. அன்று அவர் ஒவ்வொரு பெயரையும் வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். எல்லாம் முடிந்ததும், ‘இத்துடன் இன்றைய மரண அறிவித்தல்கள் நிறைவடைகின்றன’ என்று முன்பு ஒருநாளும் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னார். வீணை இசை தொடங்கியது. டப்பென்று நின்றது.

“பேர் வரல்ல” என்றார் பெரியம்மா.

கொடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நல்லம்’ என்ற அடுத்த சொல்லுக்காக வேலியோரம் காத்து நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை.